பேரம் பேசும் பக்கம்

எங்கள் குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, மீறியதும் இல்லை. மீன் விற்று வெட்டுப் பலகை நனைந்தால்தான் இடம் உனக்கு. காய்ச்சலா, சாவா, கல்யாணமா, வராமல் இரு, ஒருத்தியும் கேட்கமாட்டாள். ஆனால் புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் கோயில் மணி அடிக்கும்போது உன் பலகை காய்ந்து கிடந்தால் அந்த இடத்தில் அடுத்தவள் உட்காருவாள். நியாயம்தான். புரட்டாசி முழுக்க மயிலாப்பூரிலும் அபிராமபுரத்திலும் பாதிப் பேர் மீனைத் தொடமாட்டார்கள். மாதம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஜனம் அந்த ஞாயிற்றுக்கிழமை காரிலும் பைக்கிலும் வந்து கடற்கரையில் விழும். அன்றைக்கு ஓர் இடம் சும்மா கிடந்தால் பார்க்கிறவளுக்கு வயிறு எரியாதா?

என் மகள் ஏஞ்சலின் இடம் நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் பூவரச மரத்தை ஒட்டி இருக்கிறது. நிழல் உண்டு, கார் நிறுத்த ஒதுக்கு உண்டு. அவள் அம்மா உட்கார்ந்து வியாபாரம் பண்ணின இடம். மாப்பிள்ளை படகில் போகிறவர். பிடித்து வருவதோடு அவர் வேலை முடிந்தது. விற்பது பெண்கள் கையில்தான்.

ஆவணியில் ஏஞ்சல் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். கால் எலும்பு இரண்டாகப் போனது. தகடு வைத்துத் தைத்தார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் காலை ஊன்றக் கூடாது, குந்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குந்தாத மீன்காரியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே சுற்றுகிற ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ போய் குந்தேன் நைனா" என்றாள்.

போனேன். ஒரு காலை நேரம்தான் தாங்கியது. ஒரு அம்மா சங்கரா ஒன்றை எடுத்தாள், செவுளைப் பிரித்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள், வயிற்றை அமுக்கினாள், வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எடுக்கறியா, வைக்கறியா? இன்னா, மீனுக்கு வைத்தியமா பாக்கற?" என்றேன்.

மீனை வீசிவிட்டுப் போய்விட்டாள். அடுத்து வந்தவர், "இது இன்னைக்குப் பிடிச்சதா?" என்று கேட்டார். "இல்ல சார், உங்க கல்யாணத்துக்குப் புடிச்சது, இப்பத்தான் கரை சேந்துது" என்றேன். அவரும் போய்விட்டார்.

பக்கத்துப் பலகை ஜானு தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வரிசையில் மூத்தவள் அவள்தான். "அண்ணே, உன்ன யாரு இங்க குந்தச் சொன்னது? உன் வாயால மீனு மட்டும் இல்ல, கடலே நாறிப்பூடும். போய் ஐஸ் வாங்கிக்கினு வா, அதுக்குத்தான் நீ லாயக்கு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு வெட்டத் தெரியும், செதில் எடுக்கத் தெரியும். பேசத் தெரியாது. மீன் வியாபாரத்தில் பேச்சுதான் முதல். ஏஞ்சல் வானத்தில் ஒரு விலை சொல்வாள். வந்தவர்கள் தரையில் ஒரு விலை கேட்பார்கள். இவள் ஒரு கிண்டல் விடுவாள், அவர்கள் சிரிப்பார்கள், இவள் இறங்குவாள், அவர்கள் ஏறுவார்கள், நடுவில் எங்கேயோ மீன் பைக்குள் விழும். அந்தக் கிண்டலுக்காகவே வருகிறவர்கள் உண்டு.

போனில் விற்றுப் பார்த்தாள். ஒருத்தரோடு பேசும்போது மற்றவர்களுக்கு லைன் கிடைக்காது. ஒரு நாள் ஒரே கொடுவாவை இரண்டு வீட்டுக்கு விற்றுவிட்டாள். இரண்டு வீட்டுத் திட்டும் கொண்டுபோய்க் கொடுத்த எனக்குத்தான்.

அப்போதுதான் என் தங்கை மகன் மரியசெல்வம் வந்தான். மயிலாப்பூரில் ஃப்ளெக்ஸ் பேனரும் விசிட்டிங் கார்டும் அடிக்கிற கடை வைத்திருக்கிறான்.

"மாமா, அக்காவுக்கு ஒரு வெப்சைட் போட்டுடலாம். உலகமே பாக்கும்" என்றான்.

"உலகம் வந்து மீன் வாங்குமாடா? அபிராமபுரம் வாங்கினா போதும்."

போட்டான். மேலே பெரிய வஞ்சிரம் படம். பக்கத்தில் எலுமிச்சம்பழத் துண்டு, கொத்தமல்லி. அது எங்கள் மீனே இல்லை, எந்த ஊர் மீனோ. கீழே ஏஞ்சல் பேர், போன் நம்பர், வரிசையாக விலை. இந்த விலையில்தான் வந்தது வினை. "ரேட் சொல்லுக்கா" என்று இவன் கேட்டிருக்கிறான். அவள் ரோட்டில் எப்படிச் சொல்வாளோ அப்படியே வானத்து விலையைச் சொல்லியிருக்கிறாள். இவனும் அதை அழகாகப் பூப்போட்ட கட்டத்துக்குள் போட்டுவிட்டான்.

ஒரு ஆள் கூப்பிடவில்லை. கடைசியில் அபிராமபுரத்து சுலோச்சனா அம்மா கூப்பிட்டார்கள். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஏஞ்சலின் பழைய வாடிக்கை. ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

"ஏஞ்சல், கால்தானே உடைஞ்சுது? மனசாட்சியும் சேர்ந்து உடைஞ்சுடுச்சா? வஞ்சிரத்துக்கு இப்படி ஒரு விலையா?"

"அது சும்மா சொல்ற விலைமா. நீங்க கேளுங்க, நான் எறங்கறேன்."

"யாரைக் கேக்கறது? போன்ல தெரியற படத்தோட நான் பேரம் பேசினா எங்க வீட்டுக்காரர் என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேர்த்துடுவார்."

மரியசெல்வத்தைக் கூப்பிட்டு நல்லாக் கேட்டேன். "சுவத்துல ஒட்ற போஸ்டர எடுத்து போன்ல ஒட்டிக் குடுத்துட்டு வெப்சைட்டுன்ற. சுவரு பேசுமாடா?"

"அப்போ கடைசி விலையைப் போட்டுடலாம் மாமா."

"கடேசி விலையப் போட்டா அதுலேர்ந்து பாதி கேப்பாங்கடா" என்று ஏஞ்சல் கட்டிலிலிருந்து கத்தினாள். "ஏத்திப் போட்டாலும் போச்சு, எறக்கிப் போட்டாலும் போச்சு. என் இடமும் போவப் போவுது. நீ போய் கல்யாண பேனர் அடி, போ."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் காவேரி வந்தாள். ஜானுவின் மருமகள். நங்கநல்லூரில் வளர்ந்தவள், ஜானு மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு குப்பத்துக்கு வந்தவள். தி.நகரில் ஒரு கம்பெனியில் இந்த வெப்சைட் வேலைதான் அவளுக்கு. ஆபீஸ் அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையைக் கூடக் கழற்றாமல் வந்து ஏஞ்சலின் போனை வாங்கிப் பார்த்தாள், சிரித்தாள்.

"இது அந்தக் காலத்துப் பக்கம் பெரியப்பா. போட்டா போட்டதுதான். பாக்கறவங்க பாத்துட்டுப் போகணும், அவ்வளவுதான். அவங்க கேக்கறது இதுக்குக் காதுல விழாது. ஆரம்பத்துல எல்லாப் பக்கமும் இப்படித்தான் இருந்துச்சு. இப்ப போன்லயே பஸ் சீட்டு போடறாங்க இல்ல, ஒருத்தர் ஒரு சீட்டைத் தொட்டா மத்தவங்களுக்கு அது போயிடுது இல்ல? அந்தப் பக்கம் கேக்குது, ஞாபகம் வெச்சுக்குது, பதில் சொல்லுது. அக்காவுக்கு அந்த மாதிரி ஒண்ணு வேணும். பேரம் பேசற பக்கம்."

"யாரு செய்வா?"

"நான்தான்."

எனக்கு உடனே சந்தேகம். சும்மா செய்கிறேன் என்று வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "உனக்கு இன்னா வரும்?" என்று நேராகக் கேட்டேன். "எங்க வாடிக்கையெல்லாம் உங்க கம்பெனி எழுதிக்கினு போவுமா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏஞ்சல் அக்கா இடம் போச்சுன்னா எங்க அத்தைக்குப் பக்கத்துல பேச ஆள் கிடையாது. நாள் முழுக்க அடக்கி வெச்சுக்கிட்டு வந்து மொத்தத்தையும் என்கிட்ட கொட்டுவாங்க. நீங்களே சொல்லுங்க பெரியப்பா, நான் உயிரோட இருக்கணுமா வேணாமா?"

ஜானுவின் வாய் எனக்குத் தெரியும். இது உண்மையான காரணம். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசி முழுக்க ஆபீஸ் விட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஏஞ்சல் படுத்தபடி உத்தரவு போட்டாள். என்னால் எழுத்தெல்லாம் அடிக்க முடியாது, பேசத்தான் வரும் என்றாள். சரி, பேச்சையே வைத்தாள் காவேரி; வாங்குகிறவர்கள் பேசவும் செய்யலாம், எழுத்தாக அடிக்கவும் செய்யலாம். ஒவ்வொரு மீனுக்கும் காலையில் எடுத்த படம். படத்துக்குக் கீழே ஒரு கை. கையைத் தொட்டால் அந்த மீன்மேல் நீ கை வைத்துவிட்டாய் என்று அர்த்தம். எங்கள் ரோட்டில் அதுதான் மரியாதை: ஒருத்தி கை வைத்த மீனுக்கு அவள் கையை எடுக்கும்வரை இன்னொருத்தி விலை கேட்கக் கூடாது. நின்று வேடிக்கை பார்க்கலாம். காவேரியும் அந்த ரோட்டில் மீன் வாங்குகிறவள்தானே, அவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பேரம் பேசுவதை எல்லோரும் கேட்கிற மாதிரி வைக்கச் சொன்னது மட்டும் ஏஞ்சல். "நாலு பேரு காதுல விழாத பேரம் இன்னா பேரம்?" என்றாள்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. முன்கூட்டியே பேசிவைத்த டேப்பாக இருக்கும், எதைக் கேட்டாலும் அதையே திருப்பிப் போடும் என்று நினைத்தேன். சோதனைக்கு நாலு மீன் போட்ட அன்றைக்கு நேராக மரியசெல்வம் கடைக்குப் போனேன்.

"உன் போன்ல அத தொறடா. அடையாறு, அஸ்வத்துனு பேரு போடு. நான் சொல்றத மட்டும் அடி. என் குரல் போவக் கூடாது."

சங்கராமேல் கை வைத்தான். உடனே போனிலிருந்து என் மகள் குரல்.

"வாங்க அடையாறு சார், நம்ம கடைக்குப் புதுசா? சங்கரா கண்ணப் பாருங்க, உங்களையே மொறைக்குது." விலை சொன்னாள்.

"பாதின்னு போடுடா" என்றேன்.

"அந்த வெலைக்கு வாலுதான் வரும் சார். ஆட்டிக்கினே போலாம்."

எனக்குச் சுருக்கென்றது. பாதியிலும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். "மாமா, ஏத்தணும் மாமா" என்றான் இவன். "நீ போடு" என்றேன்.

"இன்னா சார், கீழ போறீங்க? லிஃப்டுல வந்தீங்களா?"

இன்னும் குறைத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிடித்துவிட்டேன், டேப் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் நிதானமாகக் குரல் வந்தது.

"நைனா, மரியசெல்வம் கடையில டீ குடிச்சிட்டு ஊட்டுக்கு வா. ஏறாம எறங்கிக்கினே போற ஆளு மெட்ராஸ்லயே நீ ஒருத்தன்தான். மீனுமேலேர்ந்து கைய எடு, பின்னாடி ஆளு நிக்குது."

யாரோ முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்தப் பக்கத்திலேயே சிரிப்பு பொம்மை போட்டார்கள். மரியசெல்வம் ஸ்டூலிலிருந்து விழுந்து சிரித்தான். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன். ஆனால் வழியெல்லாம் யோசித்தேன். அது டேப் இல்லை. உள்ளே என் மகள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

விடிவதற்கு முன்பே மாப்பிள்ளை படகு கரையேறியது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வஞ்சிரம், கொடுவா, சங்கரா, வவ்வால், கூடை நிறைய நண்டு. பூவரச மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, குடை நட்டு, ஏஞ்சலின் பலகையைப் போட்டேன். காவேரி ஒவ்வொன்றையும் படம் பிடித்தாள். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மடியில் லேப்டாப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏஞ்சல் வீட்டில், தலையணைமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு. நான் வாயைத் திறக்கக் கூடாது, வெட்டிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை என்று ஏற்பாடு.

எங்களுக்குப் பின்னால் சரண்யா நின்றாள். இடத்துக்குக் காத்திருக்கிறவர்களில் அடுத்தவள். தன் பலகை, தன் குடை, தன் கூடை எல்லாவற்றோடும் வந்திருந்தாள். அவள்மேல் தப்பில்லை. இருந்தாலும் எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சுலோச்சனா அம்மா தங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸாப்பில் போட்டிருந்தார்கள். அது எங்கெங்கேயோ போயிருந்தது. பக்கத்தைத் திறந்ததும் காவேரி துள்ளினாள்.

"பெரியப்பா! எல்லா மீன்மேலயும் கை!"

"ஏஞ்சல் பேசறாளா?"

"பேசறாங்க, பேசறாங்க."

கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மீனும் பலகைக்கு வரவில்லை; ஒருத்தர் கை வைத்த மீனை ரோட்டில் வந்து கேட்கிறவர்களுக்கும் கொடுக்க முடியாது. ஜானு பலகையில் ரத்தமும் தண்ணீருமாக ஓடியது. சுற்றி எல்லாப் பலகையிலும் சடக் சடக் என்று வெட்டுச் சத்தம். என் பலகையில் ஒரு ஈ உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எட்டி காவேரியின் திரையைப் பார்த்தேன். அதே மீன்கள், அதே கைகள்.

"இன்னா ஆச்சு?"

அவள் முகம் வெளுத்திருந்தது. "கை வெச்சாங்க. ஒரு விலை கேட்டாங்க. அப்புறம் ஆளைக் காணோம்."

போனில் ஏஞ்சல் தொண்டை கிழியக் கூப்பிடுவது கேட்டது. "அபிராமபுரம்! சுலோச்சனாம்மா! கீறீங்களா? ஆழ்வார்பேட்டை சார், நண்டுமேல கை வெச்சிட்டுத் தூங்கிட்டீங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. ரோட்டில் மீன்மேல் கை வைத்தவள் அங்கேயே நின்றாக வேண்டும். கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது. இங்கே கையை வைத்துவிட்டு ஒருத்தர் குளிக்கப் போயிருப்பார், ஒருத்தி குக்கர் வைக்கப் போயிருப்பாள், ஒருத்தி மாமியாரைக் கேட்டுவிட்டு வரப் போயிருப்பாள். மீன் நம்முடையதுதான், எங்கே போகும் என்கிற தைரியம். பின்னால் ஒரு பெருங்கூட்டம் மரியாதையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"தப்பு என்னுதுதான்" என்றாள் காவேரி. "கை வைக்க வழி வெச்சேன். எடுக்க வழி வைக்கலை. இருங்க, கொஞ்ச நேரம் பேசலைன்னா கை தானா விழற மாதிரி பண்ணிடறேன்."

"ஐயோ வேணாம்!" ஏஞ்சல் அலறினாள். "சொல்லாம கொள்ளாம கையத் தட்டிவுட்டா யாரு சும்மா இருப்பா? சுலோச்சனாம்மா அப்புறம் இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காது. கேட்டுட்டுத்தான் எடுக்கணும்."

"யாருக்கா கேக்கறது? நீங்க ஒருத்தர். எல்லாரையும் ஒரே நேரத்துல எப்படிக் கேப்பீங்க?"

பின்னால் சரண்யாவின் குடை விரிகிற சத்தம் கேட்டது. ஜானு என் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதும் வாய் ஓயாதவள் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வெட்டிக்கொண்டே இருந்தாள். பெட்டிக்கடியில் ஐஸ் உருகி வழிந்தது.

அவ்வளவுதான். என்னால் அடக்க முடியவில்லை. காவேரியின் மடியிலிருந்த திரையைப் பார்த்து, அந்தக் கைகளைப் பார்த்து, முழுக் குரலில் கத்தினேன்.

"எடுக்கறியா, வைக்கறியா? இன்னா, மீனுக்கு வைத்தியமா பாக்கற? சொல்லித் தொலையேன்!"

ரோட்டில் போன பைக் ஒன்று நின்றுவிட்டது. ஜானு கத்தியைக் கீழே போட்டாள். காவேரி என்னை அப்படியே பார்த்தாள்.

"பெரியப்பா. அதையே இன்னொரு தடவை சொல்லுங்க."

"இன்னா, கிண்டலா?"

"சொல்லுங்க. கோவம் குறையாம."

போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள். கோபம் குறைய நான் எங்கே போவேன், இருந்த ஆத்திரம் மொத்தத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் விரல் லேப்டாப்பில் பறந்தது. என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. "கம்பெனியில இதுக்கு ஒரு மாசம் மீட்டிங் போடுவாங்க" என்று முணுமுணுத்தாள். "அக்கா, கை வெச்சுட்டுச் சும்மா இருக்கறவங்களை இனிமே பெரியப்பா கேப்பார். எல்லார் போன்லயும், ஒரே நேரத்துல. அப்பவும் பேசலைன்னா கை எடுத்து அடுத்தவங்களுக்கு."

"அய்யய்யோ, நைனாவா?" என்றாள் ஏஞ்சல். அதற்குள் இவள் அழுத்திவிட்டாள்.

அபிராமபுரத்தில் நடந்ததை சுலோச்சனா அம்மா பிறகு சொன்னார்கள். போன் சமையலறையில் மிக்ஸி பக்கத்தில் கிடந்ததாம். அவர்கள் மசாலாவுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்களாம். திடீரென்று மிக்ஸி பக்கத்திலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், எடுக்கறியா வைக்கறியா என்று. வீட்டுக்காரர் கையிலிருந்த காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாராம். எங்களுக்குக் கேட்டது அந்த அம்மாவின் பதறிய குரல்தான்.

"எடுக்கறேன், எடுக்கறேன், எடுத்துட்டேன்! ஏஞ்சல், நீ சொன்ன விலைக்கே எடுத்துட்டேன்! யாருடி அந்த ஆளு?"

"பெரியப்பா, வஞ்சிரம்!" என்றாள் காவேரி. "வெட்டுங்க!"

தூக்கிப் பலகைமேல் போட்டேன். முதல் வெட்டில் ரத்தம் பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடியது. ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். ஈ பறந்துபோனது.

அதற்குப் பிறகு மூச்சுவிட நேரமில்லை. நண்டுமேல் தூங்கின ஆழ்வார்பேட்டைக்காரர் பதில் சொல்லவில்லை, கை எடுபட்டது, எடுபட்ட உடனே அடையாறிலிருந்து ஒரு பெண் கை வைத்தாள். ஏஞ்சல் குரலைக் கேட்க வேண்டுமே! கால் உடைந்தவள் குரலா அது? "அடையாறு அம்மா, நண்டு காலைப் பாருங்க, என் காலைவிட பலமா கீது! இன்னாது, அந்த வெலைக்கா? அதுக்கு நான் என் காலக் கொதிக்க வெச்சுக் குடுக்கறேன்!" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏறினாள், இவள் இறங்கினாள், நண்டு போனது. அதற்குள் வவ்வால், அதற்குள் சங்கரா. மரியசெல்வம் கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் வந்து பை பையாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் வெட்டினேன். புருவத்தில் செதில், காதில் செதில்.

"அண்ணே!" ஜானு கத்தினாள். அவளுக்கு வாய் திரும்பிவிட்டது. "உன் தண்ணி என் பக்கம் வருது! என் காலெல்லாம் நனையுது!"

"நனையட்டும்!" என்றேன்.

கோயில் மணிக்கு நேரம் இருந்தபோதே எங்கள் மீன் தீர்ந்துவிட்டது. காவேரியின் பக்கத்தை விட்டு ஆட்கள் போகவில்லை. இன்னும் மீன் கேட்டு நின்றார்கள். பின்னால் சரண்யா குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். அவள் கூடை அப்படியே இருந்தது. இடம் கிடைத்தால் விற்கலாம் என்று நம்பி வாங்கி வந்த மீன்.

"நைனா, சரண்யா போய்ட்டுதா?" ஏஞ்சல் போனில் கேட்டாள்.

"தோ, கிளம்புது."

"அது கூடையில இன்னா கீது?"

"கொடுவா. கொஞ்சம் எறா."

"படம் புடிச்சிப் போடச் சொல்லு. நம்ம பலகையில வெச்சி வெட்டு."

நான் குரலைத் தணித்தேன். "புத்தி கெட்டுப் போச்சா? இன்னிக்கி மீன வெப்பா, நாளைக்கு அவளே குந்திக்குவா. உனக்கு ஜனங்களத் தெரியாது."

"நைனா" என்றாள் என் மகள். "எடுக்கறியா, வைக்கறியா?"

காவேரி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சரண்யாவின் கூடையை வாங்கிக் கொடுவாக்களைப் பலகையில் பரப்பினேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து செதில் எடுக்க ஆரம்பித்தாள். கை சுத்தமாக ஓடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மணி அடித்தது. ஜானு எழுந்து வந்தாள். வரிசையில் எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏஞ்சலின் பலகையில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தாள். நிமிர்ந்து அந்த ஈரக் கையை என் சட்டையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஐந்து விரலும் பதிந்தது.

"நனைஞ்சிக் கீது!" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏஞ்சல் இடம் ஏஞ்சலுக்குத்தான். போங்கடி, வேலையப் பாருங்க." உடனே குனிந்து காவேரியின் போனில், "ஏ ஏஞ்சலு, கேட்டியா? காலைலேர்ந்து உன்கிட்ட சொல்றதுக்கு எவ்ளோ சேதி சேந்து கீது தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். காவேரி அந்தப் போனை மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டாள். அவள் கேட்ட கூலி அவளுக்கு வந்துவிட்டது.

அப்போது ஒரு கார் வந்து மரத்தடியில் நின்றது. சுலோச்சனா அம்மா இறங்கினார்கள். நேராக என்னிடம் வந்தார்கள்.

"நீங்கதானே அந்த ஆள்?"

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "நான்தான். இப்ப இன்னா அதுக்கு?"

"எங்க அபார்ட்மெண்ட்ல மாடிக்கு மாடி உங்க குரல்தான். எதிர் வீட்டுப் பொண்ணு வேணும்னே மீன்மேல கையை வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கா, நீங்க திட்டறதைக் கேக்க. நேர்ல ஒரு தடவை கேக்கலாம்னு வந்தேன். எங்கே, சொல்லுங்க."

"மீனு வாங்கறவங்களுக்குத்தான் திட்டு. சும்மா வராது" என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பலகைக்கு முன்னால் குந்தினார்கள். சரண்யாவின் கடைசிக் கொடுவா கிடந்தது. எடுத்தார்கள். செவுளைப் பிரித்துப் பார்த்தார்கள். வைத்தார்கள். மறுபடி எடுத்தார்கள். வயிற்றை அமுக்கினார்கள். வைத்தார்கள். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்கள். ஜானு பேச்சை நிறுத்திவிட்டாள். வரிசையில் கத்திகள் நின்றன. போனில் ஏஞ்சலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும்.

சொன்னேன். கோபம் குறையாமல் சொன்னேன்.

ரோடே சிரித்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனை என் பக்கம் தள்ளினார்கள். "எடுத்துட்டேன். வெட்டுங்க."

வெட்டினேன்.